பீலித் தண்ணிய இப்பவே அளந்து வைங்க

போன மாதம் ஹப்புத்தளையிலிருந்து சித்தி மகள் கோல் எடுத்தாள். குரலில் ஒரே குதூகலம்.

"அக்கா, எங்க லயத்துப் பக்கமும் வெள்ளக்காரங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. நேத்து ரெண்டு பேரு வந்து கக்கூஸ் எங்கன்னு கேட்டாங்க. காட்டிவுட்டேன். போறப்ப ஐநூறு ரூவா குடுத்துட்டுப் போறாங்கக்கா!"

"சரி புள்ள. ஒங்க பீலியில ஒரு வாளி நெறைய எவ்வளவு நேரம் எடுக்குது?"

அவள் சிரித்துவிட்டாள். "நான் காசப் பத்திச் சொல்றேன், நீங்க தண்ணியப் பத்திக் கேக்குறீங்களே."

விளக்கம் சொல்லத் தொடங்கும்போது அவளுடைய ரீலோட் முடிந்துவிட்டது. பீலி என்றால் ஊற்றுத் தண்ணி வந்து விழும் பொதுக் குழாய். அதை ஏன் கேட்டேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். ஹப்புத்தளைக்கு மட்டும் என்றில்லை. மடுல்சீமை, ஒஹிய, நானுஓயா என்று இன்னும் சுற்றுலாக் கூட்டம் முழுசாக வந்து இறங்காத எல்லாப் பக்கத்து சொந்தக்காரர்களுக்கும்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில். பெயர் வேண்டாம். நீங்கள் படத்தில் பார்க்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளில் ஒன்று எங்கள் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்பக்கமாகத்தான் போகிறது. 1921இல் கட்டியது அந்தப் பாலம். எங்களுக்கு அது வெறும் 'பாலம்'. ரயில் வராத நேரம் பார்த்து அந்தப் பக்கம் போவோம், சாமான் தூக்கிக்கொண்டு வருவோம். மழைக்காலத்தில் வழுக்கும் என்று பாட்டி ஏசுவாள். அதை நின்று பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. கையில் போன் வந்த பிறகு உலகத்துக்குத் தோன்றியது. 2018இல் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். இடையில் விழுந்து, 2024இல் மறுபடியும் 20 இலட்சத்தைத் தாண்டியது. எங்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்தால் அத்தனை பேரும் இந்த ஒரு பாதையில்தான் போனார்களோ என்று இருக்கும்.

தண்ணியிலிருந்து தொடங்குகிறேன். ஊற்று மேலே, காட்டு ஓரத்தில். அங்கிருந்து பழைய இரும்புக் குழாயில் வந்து இரண்டு லயத்துக்கும் பொதுவான பீலியில் விழும். இருபத்துநாலு காம்பராவுக்கும் அந்த ஒன்றுதான். ஊற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் கிராமத்தார் காணி கொஞ்சம் இருக்கிறது. அங்கே முதலில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவதில் சின்னதாக ஒரு நீச்சல் தொட்டியும் இருந்தது. மூன்று பேரும் ஊற்றிலிருந்தே ஹோஸ் போட்டுக்கொண்டார்கள்.

ஊவாத் தேயிலைக்கு இருக்கும் பேரே ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கும் காய்ந்த காற்றால் வந்தது. கொழுந்துக்கு அது வாசனை, எங்களுக்கு அது தண்ணிப் பஞ்சம். ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவதும் ஜூலை ஆகஸ்டில்தான். ஊற்று சுருங்கும் மாதத்தில்தான் மேலே எல்லா அறையும் நிறையும். தூசியில் நடந்து வருகிறவர்கள் இரண்டு தரம் குளிப்பார்கள், துவைக்கக் கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அறைக்குக் காசு கட்டியிருக்கிறார்கள், பைப்பைத் திறந்தால் தண்ணி வருகிறது. அது யார் வாளித் தண்ணி என்று பைப்பில் எழுதியா இருக்கிறது?

அந்த ஆகஸ்டில் விடிய மூன்று மணிக்கே பீலியில் வாளிகள் வரிசை கட்டின. பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, முன்னால் பிடித்து முடிக்க வேண்டுமே. சண்டை எங்களுக்குள்தான் வந்தது. மேல் லயத்து அக்காவும் எங்கள் பெரியம்மாவும் முப்பது வருசச் சிநேகிதம். ஒரு குடத்துக்காக இரண்டு மாதம் பேசவில்லை.

நாங்கள் ஐந்தாறு பேர் மேலே போய்க் கேட்டோம். முதல் கெஸ்ட் ஹவுஸ்காரர் நல்ல மனிதர். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "நங்கி, ஆகஸ்டில எப்பவும் இப்படித்தானே? என் சின்ன வயசிலயும் நீங்க இதேதானே சொன்னீங்க" என்றார். எங்களிடம் பதில் இல்லை. முன்பு எவ்வளவு வந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. "நெறைய வந்துச்சு" என்பது ஒரு கணக்கா?

திரும்பி வந்த அன்றே என் மகனிடம் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தேன். பெயின்ட் வந்த இருபது லீட்டர் வாளி ஒன்றைப் பீலிக்கென்றே ஒதுக்கி வைத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஆறு மணிக்கு வாளியை வைத்து, போனில் நேரம் பார்த்து, நிறைய எத்தனை செக்கன் என்று எழுதுவான். திகதி, மழையா வெயிலா, செக்கன். மூன்றே கோடு. மார்கழியில் 45 செக்கனில் நிறைந்த வாளிக்கு அடுத்த ஆகஸ்டில் நாலு நிமிசம் போனது. மேலே அறைகள் காலியாகக் கிடந்த ஒரு வாரம், மழையே இல்லாமல், ஒன்றரை நிமிசத்துக்கு வந்தது. அந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கிடைத்த சாட்சி.

கொப்பியோடு மறுபடியும் போனோம். இந்த முறை கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு. அதே மனிதர், அதே கதிரை, அதே தேத்தண்ணி. பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க மகன் எழுதினதா?" என்று மட்டும் கேட்டார். காலை நாலு மணியிலிருந்து ஏழு வரையும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும் ஹோஸை மூடுவது என்று எழுதிக் கையொப்பம் வைத்தோம். இரண்டு பேர் கூரைத் தண்ணி பிடிக்கத் தாங்கி வைத்தார்கள். நீச்சல் தொட்டிக்காரர் கையொப்பம் வைக்கவில்லை. அவர் கொழும்பில் இருப்பவர், இங்கே மனேஜர் மட்டும்தான்.

அவர் கார் நிறுத்த இடம் தேடி எங்கள் லயத்துக்கு மேலே மண்மேட்டை வெட்டத் தொடங்கியபோது எங்களுக்கு வயிறு கலங்கியது. பதுளை மாவட்டத்தில் இருக்கிறவனுக்கு மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29, காலையில், கொஸ்லந்தையில் லயங்களோடு சேர்த்து மலை இறங்கியது. மண்சரிவு அபாயம் உள்ள எங்கள் மாதிரி மாவட்டங்களில் கட்டிடம் கட்டத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேட்க வக்கீல் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம். பதினாலு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நான் எழுதினேன். பதில் சிங்களத்தில் வந்தது, அது வேறு கதை. முதல் கெஸ்ட் ஹவுஸ்காரரின் மகள்தான் வாசித்துச் சொன்னாள். அனுமதி இரண்டு மாடிக்கு. கட்டியிருந்தது நாலு. மண் வெட்டுவது நின்றுபோனது. மாடி நிற்கிறது.

ஒன்று சொல்கிறேன்: விண்ணப்பத்தில் "அநியாயம் நடக்கிறது" என்று எழுதாதீர்கள். "இந்தக் கட்டிடத்துக்கு வழங்கிய அனுமதியின் பிரதி, மாடிகளின் எண்ணிக்கை, மண்சரிவு அறிக்கையின் பிரதி" என்று கேளுங்கள். அநியாயம் என்றால் அலுவலகத்தில் யாருக்கும் பதில் இல்லை. பிரதி என்றால் ஒன்றில் எடுத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத வேண்டும்.

அடுத்தது போட்டோ.

அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறாள். போன ஆகஸ்டில் ஒரு நாள் நானும் மலைக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். பாதை ஓர நிரையில் அம்மா. ஒரு ஜோடி வந்து கையால் கேட்டார்கள், அம்மா தலையாட்டினாள். முதலில் சும்மா ஒரு படம். பிறகு கூடையைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார்கள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்க்க முடியுமா என்று கையைக் காட்டினார்கள், சேலையின் நிறம் தெரியவேண்டுமாம். பிறகு மெதுவாக எடுக்கச் சொன்னார்கள். அம்மாவின் கை மெதுவாக எடுத்து நான் பார்த்ததே இல்லை. விரல்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறின. நாற்பது வருசமாக ஓடின கை, ஒரு கமராவுக்கு முன்னால் கொழுந்து எடுக்கத் தெரியாத கை மாதிரி ஆகிவிட்டது. இருபது நிமிசம். இருநூறு ரூபாய். அன்றைக்கு மட்டும் மூன்று கூட்டம், மொத்தம் 500 ரூபாய்.

பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுத்தபோது 15 கிலோ. எங்கள் தோட்டத்தில் 18 வேண்டும். அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டார்கள். அப்போது நாள் சம்பளம் 1350 ரூபாய். பாதி போனால் 675. வந்தது 500. "படத்துக்குச் சிரிச்சதுக்கு நாந்தான் 175 ரூவா கட்டியிருக்கேன்" என்று அம்மா மடுவத்திலேயே சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கும் ஏச்சு விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு பெண்கள் எட்டுப் பேர் கூடிப் பேசி ஒரு வழக்கம் வைத்தார்கள். வேலை நேரத்தில் யாரும் நிற்பதில்லை. கொழுந்து நிறுத்து முடிந்து நாலரைக்குப் பிறகு, பாதை ஓரத்தில், ஒரு மணித்தியாலம். ஆளுக்கு ஆள் வேறு விலை இல்லை. காசு ஒரே டின்னில் விழும், சனிக்கிழமை எட்டாகப் பிரியும். அம்மாவுக்கு இப்போது ஒரு இங்கிலீஷ் வசனம் தெரியும்: "ஆஃப்டர் ஃபோர் தேர்ட்டி, ப்ளீஸ்." அதைச் சொல்லும்போது கையும் நிற்காது, தலையும் நிமிராது.

பெரிய ரோட்டு வளைவில் புதுச் சேலை கட்டி, பொட்டு வைத்து, கூடையோடு நிற்கும் சில அம்மாக்களையும் நீங்கள் பார்க்கலாம். அந்தக் கூடையில் இருப்பது காலையிலிருந்து அதே கொழுந்துதான். 'போலி' என்று சிலர் ஏசுவார்கள். எனக்கு ஏச வாய் வராது. அவர்களில் மூன்று பேரை எனக்குத் தெரியும். தோட்ட வேலையிலிருந்து பேர் வெட்டிய பிறகு கிடைத்த ஈ.பி.எப். (சேமலாப நிதி) காசு மகள் கலியாணத்தோடு முடிந்தவர்கள். உண்மையாக எடுத்தவர்கள்தான், வயசு போனபிறகு எடுப்பது போல் நிற்கிறார்கள்.

தம்பியின் கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்ல ரொக் மலைக்கு ரயில் பாதை வழியே கித்தல்எல்ல பக்கம் நடந்து, பிறகு தேயிலைக்குள் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் யாரோ அம்புக்குறி வைத்திருந்தார்கள். அதைத் திருப்பி வைத்தவன் என் தம்பி. தவறான வழியில் போய் முழிக்கிறவர்களுக்கு எதிரே தற்செயலாக வருவது போல் வந்து, 2000 ரூபாய்க்கு வழிகாட்டுவான். ஒரு பின்னேரம் அவன் போவதற்குள் பனி மூடிவிட்டது. ஒரு தாயும் மகளும் அட்டைக்கடியோடு இருட்டும் வரை உள்ளே சுற்றியிருக்கிறார்கள். தேடிப் போன நாலு பேரில் அவனும் ஒருத்தன். கண்டுபிடித்தபோது அந்த மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் அம்புக்குறிக்கு அவனே சிமெந்து போட்டான். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பகுதி வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அதை எடுக்க அவனுக்கு அதன்பிறகு ஒன்றரை வருசம் ஆனது. உங்கள் பக்கத்துப் பொடியன்களை ஆரம்பத்திலேயே அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள். முதல் இரண்டு வருசம் ஏமாற்றினால் நிறையக் காசு வரும், அதுதான் ஆபத்து.

பிள்ளைகள் விசயம் சுருக்கமாக. டொபியும் பேனாவும் கொடுப்பார்கள், பாவம் என்று நினைத்துத்தான் கொடுப்பார்கள். ஒரு மாதத்தில் உங்கள் பிள்ளை பாதையில் நின்று "ஸ்கூல் பென், ஸ்கூல் பென்" என்று பாடும். மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகாது. நாங்கள் பாதைக்கு முன்னால் ஒரு பலகையில், கொடுப்பதைப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள் என்று மூன்று மொழியில் எழுதி வைத்தோம். பலகையைவிட உதவியது, லயத்து அம்மாக்கள் எல்லாரும் ஒரே நாளில் கண்டிப்பானதுதான். ஒரு வீடு விட்டுக்கொடுத்தால் மற்ற பிள்ளைகளைப் பிடிக்க முடியாது.

ரயிலைப் பற்றிப் பேசினால் அப்பாவுக்குக் கோபம் வரும். பதுளை வரை பாதை போட்டு முடித்தது 1924இல். தேயிலையை இறக்கவும் எங்களை ஏற்றவும் போட்டது என்று அவர் சொல்வார். அவருக்குச் சீனி வருத்தம், மாதம் ஒரு தரம் பதுளையில் கிளினிக். ஒரு நாள் எல்ல ஸ்டேசனில் ரயில் வந்து நிற்கிறது, ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பேர் வெளியே சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் முதுகுப் பைகளின் சுவர். அப்பா ஒவ்வொரு வாசலாகப் போனார். கொடி காட்டினார்கள், ரயில் போய்விட்டது. ஆட்டோவுக்கு 3000 ரூபாய், கிளினிக் நம்பரும் போனது. இப்போது தெமோதரைக்கு இறங்கிப் போய் அங்கே ஏறுகிறோம். எல்லவில் கூட்டம் பாதி இறங்கிவிடும், தெமோதரையில் ஏற இடம் கிடைக்கும். சீசன் மாதங்களில் ரயிலை நம்பாமல் பஸ்தான். கிளினிக்கில் அடுத்த திகதி போடும்போது வெள்ளியும் திங்களும் வேண்டாம் என்று கேளுங்கள், கேட்டால் மாற்றித் தருகிறார்கள்.

டவுனில் விதையும் மண்வெட்டிப் பிடியும் விற்ற கடை இப்போது பர்கர் விற்கிறது. அதற்குப் பக்கத்தில் சலூன் இருந்தது, வாடகை கட்ட முடியாமல் அந்த அண்ணன் பண்டாரவளைக்குப் போய்விட்டார். இப்போது முடி வெட்டவும் கரட் விதை வாங்கவும் நாங்கள் பஸ் ஏறுகிறோம்.

குப்பையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்க வழியே இருக்கவில்லை, 2018இல்தான் திருத்தினார்கள். பெரிய ரோட்டோடு குப்பை லொறி திரும்பிப் போனால், "தோட்ட ரோட்டுக்கு வர முடியாது" என்ற பழைய பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

எல்லாரும் என்னிடம் கேட்பது வேறு. "நீங்களே ரெண்டு ரூம் போட்டு ஹோம் ஸ்டே நடத்தலாமே?" நடத்தலாம், காணி உறுதிப்பத்திரம் இருந்தால். இருநூறு வருசம் இந்த மண்ணில் இருக்கிறோம், லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். உறுதி இல்லாமல் வங்கிக் கடன் இல்லை, பதிவு இல்லை. 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் காணியோடு கொடுக்கும் வீட்டுத் திட்டங்களில் வீடு கிடைத்தவர்களிடம் போய்க் கேளுங்கள், உறுதி கைக்கு வந்துவிட்டதா என்று. பாதையின் இந்தப் பக்கம் இருப்பவன் பையைத் தூக்குகிறான், அந்தப் பக்கம் இருப்பவன் சாவியைக் கொடுக்கிறான். எனக்கு அந்தப் பக்கத்தார் மேல் கோபம் இல்லை. ஆனால் "சுற்றுலா வந்தால் ஊருக்கே நல்லது" என்று யாராவது மேடையில் பேசினால், உறுதி உள்ள ஊரா இல்லாத ஊரா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே சித்தி மகளுக்குச் சொல்ல வந்தது: ரொட்டிக் கடை போடு, இடிச்ச சம்பல் வை, நல்லாப் போகும், என் கடையும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் வீட்டில் ஒருத்தர் பேர் செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவில், இருக்கட்டும். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்த மறுநாள் பாதை காலி. 2020இல் கொரோனா. 2022இல் பெற்றோலுக்கே வரிசை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதையே நின்றுபோனது. ஏழு வருசத்தில் நாலு தரம். எங்கள் லயத்தில் பேரை வெட்டிக்கொண்டு, மாட்டை விற்று ஆட்டோ வாங்கியவர்கள் இரண்டு பேர் ஆட்டோவையும் லீசிங்காரனிடம் விட்டார்கள். லயத்துக்குப் பின்னால் இருக்கும் கீரைப் பாத்தியை கார் பார்க்காக மாற்றச் சொல்லிக் காசு நீட்டுவார்கள். கீரை இருக்கட்டும்.

நேற்று அவள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பீலிக்குக் கீழே ஒரு நீல வாளி, பக்கத்தில் அவள் சின்ன மகன் கையில் போனோடு. கீழே "38 செக்கன்" என்று எழுதியிருந்தாள். கூடவே, "அக்கா, வாளி எத்தன லீட்டர்னு தெரியல, போத்தலால அளந்துட்டு மறுபடி சொல்றேன்."